நொண்டாத கால் — டாக்டர் பால் பிராண்டின் வாழ்வும் பணியும்

ஆள் வரும் முன்பே நடையின் ஓசையைக் கேட்டு, இன்னார் வருகிறார் என்று சொல்லிவிடுவது நம் ஊர்ப் பெரியவர்களுக்குக் கைவந்த கலை. எட்டயபுரத்தில் எங்கள் தெருவில் என் தாத்தாவின் நடையை அறியாதார் இலர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முதலில் கால்நடையாகவும் பின்னர் சைக்கிளிலும் படர்ந்தபுளி, கீழ ஈரால் பக்கத்துச் சிற்றூர்களுக்குக் கடிதமும் மணியார்டரும் கொண்டு சென்றவர். எட்டி எட்டி வைக்கும் அடி, அழுத்தி ஊன்றும் குதிகால். இதுதான் அவர் நடை.

கரிசல் காட்டில் நடப்பவருக்குச் சீமைக்கருவேல முள் புதிதன்று. முள் தைத்த நாளில் தாத்தா நொண்டிக்கொண்டு வருவார். அந்த ஓசை தெருமுனையில் கேட்டதுமே ஆச்சி முள்வாங்கியும் விளக்கெண்ணெயுமாகத் திண்ணைக்கு வந்துவிடுவார்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒருமுறை அவ்வாறு நடக்கவில்லை. முள் பாதத்தில் ஒடிந்து உள்ளே தங்கிவிட்டது. ஆனால் தாத்தா நொண்டவில்லை. எப்போதும் போலவே நடந்து வந்தார். ஆச்சியும் முள்வாங்கியை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் பாயில் சீழ்க்கறை கண்ட பின்புதான் காலைப் புரட்டிப் பார்த்தோம். பன்னிரண்டு ஆண்டுகளாக அவருக்கிருந்த சர்க்கரை நோய், பாதத்தின் உணர்ச்சியை ஓசையின்றித் திருடிவிட்டிருந்தது. இறுதியில் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

தூத்துக்குடியில் அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர், ஒரு மெல்லிய நைலான் இழையை அது வளையும் அளவுக்குப் பாதத்தில் அழுத்தி, கண்ணை மூடியிருந்த தாத்தாவிடம் தெரிகிறதா என்று கேட்டார். பத்து இடங்களில் தொட்டார். தாத்தா மூன்று இடங்களில்தான் தலையசைத்தார். பிறகு மெத்தென்ற நுண்துளை ரப்பர் பதித்த செருப்பு ஒன்றை அணியச் சொன்னார். அந்த இழைக்கும் இந்தச் செருப்புக்கும் பின்னால் நம் தமிழ்நாட்டு மலையொன்றில் பிறந்த ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு இருக்கிறது என்று போகிற போக்கில் அவர் சொன்னார். அந்த ஒரு சொல்தான் இயற்பியல் பயிலும் என்னை டாக்டர் பால் பிராண்டின் வாழ்க்கை வரலாற்றைத் தேடிப் படிக்கச் செய்தது.

கொல்லிமலையில் வளர்ந்த குழந்தை

பால் வில்சன் பிராண்டு 1914ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தார். தந்தை ஜெசி, தாய் ஈவ்லின். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்து மலைமக்களிடையே சமயப் பணியோடு மருத்துவம், கல்வி, வேளாண்மை ஆகிய பணிகளையும் செய்தவர்கள். சாலையில்லாத காலம் அது. மலையேறுவதென்றால் நடந்துதான் ஏற வேண்டும். சிறுவன் பால் செருப்பின்றி மரம் ஏறியும் ஓடையில் இறங்கியும் தமிழ்ப் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்ந்தான்.

ஒருநாள் தொழுநோயாளர் மூவர் அவர்கள் வீட்டை நாடி வந்தனர். தந்தை அவர்களுடைய பாதப் புண்களைக் கழுவி மருந்திட்டுக் கட்டினார். அவர்கள் சென்ற பின், அவர்கள் தொட்ட கூடை எரிக்கப்பட்டது. பிள்ளைகள் அந்த இடத்தில் விளையாடக் கூடாதென்று தடுக்கப்பட்டனர். நோயின் மீதிருந்த அச்சம் அக்காலத்தில் அத்தகையது. ஆறாத பாதப் புண் என்னும் புதிரை அச்சிறுவன் முதன்முதலில் கண்டது அன்றுதான்.

ஒன்பதாம் வயதில், 1923இல், படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929இல் தந்தை கருநீர்க் காய்ச்சலால் கொல்லிமலையிலேயே மறைந்தார். தாய் ஈவ்லின் மலையை விட்டு அகலவில்லை. முதுமையிலும் மலைக்கு மலை சென்று பணிபுரிந்து, 1974இல் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில்தான் அவர் கண்மூடினார்.

இளைஞர் பால் முதலில் கற்றது மருத்துவம் அன்று. தச்சு வேலையும் கொத்து வேலையுமே. தந்தையைப் போல் மலையில் வீடு கட்டவும் கிணறு வெட்டவும் பயன்படும் என்று கட்டடத் தொழிலைச் சில ஆண்டுகள் கற்றார். பின்னரே லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். உடன் பயின்ற மார்கரெட் பெர்ரியை 1943இல் மணந்தார். லண்டனில் குண்டுமழை பொழிந்த போர்க்காலத்தில்தான் அவர் அறுவை மருத்துவராகப் பண்பட்டார். ஒரு பொருளின் மீது எங்கே சுமை விழுகிறது, அது எங்கே விரிசல் காணும் என்று பார்க்கும் கொத்தனாரின் கண் அவரைவிட்டுக் கடைசிவரை நீங்கவில்லை. அவருடைய கண்டுபிடிப்புகளின் ஊற்று அந்தக் கண்தான் என்பது என் கருத்து.

வேலூரில் கிடைத்த வினா

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்து சேர்ந்தார். அங்கிருந்து செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவ நிலையத்தைக் காணச் சென்றார். தொழுநோய் வல்லுநரான டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவருக்கு நோயாளிகளைக் காட்டினார். விரல்கள் ஏன் மடங்கிப் போகின்றன, பாதங்கள் ஏன் தேய்ந்து போகின்றன என்று பிராண்டு கேட்டார். எலும்பு அறுவை மருத்துவர்கள் எவரும் இதை ஆராயவே இல்லை என்பதுதான் விடை. உலகில் இலட்சக்கணக்கானோரை முடமாக்கிய நோய், கை கால் மருத்துவர்களின் கண்ணில் படாமலே இருந்தது.

அன்று ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தம் கையை வைத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அந்தப் பிடி வலி தாளாத அளவுக்கு வலுவாக இருந்தது. அப்படியானால் எல்லாத் தசைகளும் செத்துப்போகவில்லை! உயிருள்ள தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் இடத்தில் பொருத்தினால் விரல் நிமிருமே என்று எண்ணினார். தசைநாண் மாற்று அறுவை தொழுநோயாளரின் கைகளுக்கு இப்படித்தான் வந்தது. முழங்காலருகே நரம்பு கெட்டு முன்பாதம் தொங்கிப்போனவர்களுக்கும் இம்முறை பயன்பட்டது. அவர்கள் முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைத் தரையில் அறைந்து நடப்பார்கள். தசைநாணை மாற்றியமைத்த பின் அவர்களுடைய நடை திருந்தியது. 1950களின் தொடக்கத்தில் உருவான நவஜீவ நிலையத்தில் குணமடைந்தவர்கள் தச்சு முதலிய தொழில்களைக் கற்றனர். 1955இல் வேலூரையடுத்த காரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி, பயிற்சி மையம் தோன்றியது.

சதை தானே அழுகவில்லை

அறுவையால் விரல் நிமிர்ந்தது. ஆனால் புண்கள் நிற்கவில்லை. தொழுநோய் சதையை அழுகச் செய்கிறது என்பதே அன்றைய மருத்துவ உலகின் நம்பிக்கை. பிராண்டு அதை ஐயுற்றார்.

ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க அவர் முயன்று தோற்றார். நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். அவன் கையைப் பார்த்த பிராண்டு திடுக்கிட்டார். விரலில் எலும்பு தெரியும்படி வெட்டியிருந்தது. சிறுவனுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்ல வலி இல்லாததால், அவன் தன் வலிமை முழுவதையும் செலவிட்டுவிட்டான். நோயாளிகளின் விரல்கள் இரவோடிரவாகக் குறைந்தது வேறொரு புதிர். காத்திருந்து பார்த்தபோது, உறக்கத்தில் எலிகள் கடிப்பது தெரிந்தது. வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை ஒன்றும் துணையாகக் கொடுத்தனுப்பும் வழக்கம் அதன்பின் வந்தது.

ஆக, சதை தானே அழுகவில்லை. நரம்பு மரத்த கையும் காலும் தமக்குத் தாமே ஊறு செய்துகொண்டன. இதைத் தம் உடம்பிலேயே அவர் ஒருமுறை அஞ்சி அறிந்தார். 1950களில் அமெரிக்கப் பயணம் முடித்து, கப்பலில் இங்கிலாந்து வந்து, ரயிலில் லண்டன் சேர்ந்தார். இரவு காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்ச்சியில்லை. ஊசியால் குத்தினார், தெரியவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று எண்ணி இரவெல்லாம் உறங்காமல் கிடந்தார். விடிந்ததும் மீண்டும் ஊசியை ஊன்றினார். வலித்தது! நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததில் மரத்த கால்தான் அது. வலி மீண்டதற்காக ஒரு மருத்துவர் மகிழ்ந்து நன்றி சொன்ன நாள் அது.

நடையை அளந்தவர்

இனி என் தாத்தாவின் நடைக்கு வருகிறேன். நல்ல கால் ஒருபோதும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஒரு குதிகால் தரையைத் தொடுவதிலிருந்து அதே குதிகால் மீண்டும் தொடும் வரை ஒரு சுற்று எனக் கொண்டால், அதில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு நேரம் பாதம் தரையில் ஊன்றியிருக்கிறது. மீதி நேரம் காற்றில் வீசுகிறது. ஊன்றும்போது உடல் எடைக்கும் சற்று மிகுந்த விசை பாதத்தில் விழுகிறது. நெடுந்தூரம் நடந்ததும் ஓரிடம் சூடேறிச் சிவந்தால், நாம் அறியாமலே பாதத்தைச் சற்றுத் திருப்பி வேறிடத்தில் ஊன்றுகிறோம். வலி மிகுந்தால் நொண்டுகிறோம். நொண்டுவது குறை என்று நினைக்கிறோம். உண்மையில் அது பாதம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. உணர்வற்ற பாதம் இந்த மாற்றத்தைச் செய்வதில்லை. நூறாவது அடியிலும் ஐயாயிரமாவது அடியிலும் ஒரே இடத்தையே அடிக்கிறது.

வேலூரில் இருந்த காலத்திலேயே பிராண்டும் அவருடைய குழுவினரும் பலவகைச் செருப்புகளைச் செய்து பார்த்தனர். மேலே மெத்தென்ற நுண்துளை ரப்பர், அடியில் முள் ஏறாத கடினமான தளம் என்று ஒன்று. முன்பாதம் மடங்காமல் தொட்டில்போல் உருண்டு செல்லும் அடிப்பாகத்தோடு மற்றொன்று. புண்பட்ட பாதத்தை மாவுக்கட்டில் பொதிந்து, சுமையைப் பாதம் முழுவதற்கும் பங்கிடும் முறை இந்தியாவிலும் இலங்கையிலும் முன்பே கையாளப்பட்டது. அதை அவர் ஏற்று அமெரிக்காவுக்கும் கொண்டு சென்றார்.

நடையை அளக்கும் முயற்சி அவருக்கு முன்னரே உண்டு. பிரெஞ்சு அறிஞர் மாரே 1870களிலேயே செருப்பின் அடியில் காற்றறை வைத்து, ரப்பர்க் குழாய் வழியாக அழுத்தத்தைச் சுழலும் உருளையில் கோடாகப் பதித்தார். 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்டு, இவ்வேலையை மருத்துவத்தின் மையத்துக்கே கொண்டுவந்தார். நுண்ணிய குமிழிகளில் சாயம் அடைத்த காலுறையை அணிந்து நோயாளி நடப்பார். அழுத்தம் மிகுந்த இடத்தில் குமிழிகள் உடைந்து நீலம் படியும். எங்கே புண் வரும் என்பது புண் வருமுன்பே தெரிந்துவிடும். வெப்பப் படக்கருவியால் பாதத்தைப் பார்த்து, சூடேறிய இடத்தையும் கண்டனர். எலிகளின் பாதங்களில் நாள்தோறும் பல்லாயிரம் முறை மிதமான அழுத்தம் கொடுத்து ஆராய்ந்ததில், ஓய்வின்றித் திரும்பத் திரும்ப விழும் சிறு அடியே புண்ணாக்கப் போதுமானது என்பதும் தெளிவாயிற்று. தூத்துக்குடி மருத்துவர் பயன்படுத்திய நைலான் இழைச் சோதனை, பத்துக் கிராம் அளவோடு வரையறை பெற்றதும் கார்வில்லில்தான். தொழுநோய்க்காகக் கண்ட இவையெல்லாம் பின்னர் சர்க்கரை நோயாளரின் கோடிக்கணக்கான பாதங்களுக்குப் பயன்படலாயின.

தோல்வியில் கற்ற பாடம்

பிராண்டின் வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்தது அவருடைய வெற்றியன்று, தோல்வியே. இயற்கை வலி இல்லாதவருக்குச் செயற்கை வலி செய்து தரலாம் என்று அவர் திட்டமிட்டார். அரசு நிதியும் கிடைத்தது. கையுறையிலும் காலுறையிலும் அழுத்த உணரிகள்; அளவு மீறினால் காதுக்கருவியில் எச்சரிக்கை ஒலி. நோயாளிகள் ஒலியைக் கேட்டார்கள். ஆனால் வேலையை நிறுத்தவில்லை. பிறகு, உணர்ச்சியுள்ள அக்குள் பகுதியில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். அதிர்ச்சி வரப்போகும் வேலையென்று தெரிந்தால், முதலில் விசையை அணைத்துவிட்டு, வேலையை முடித்துவிட்டு, மீண்டும் விசையைப் போட்டுக்கொண்டார்கள்! உணரிகளோ விலை மிகுந்தவை, அடிக்கடி பழுதாயின. சில ஆண்டு உழைப்புக்குப் பின் அத்திட்டத்தைக் கைவிட்டார். அணைக்க முடியாதது என்பதுதான் வலியின் பெருமை என்று அவர் உணர்ந்தார். 1993இல் பிலிப் யான்சியோடு சேர்ந்து வலியைப் பற்றி எழுதிய நூலில் இத்தோல்வியை அவர் ஒளிக்காமல் பதிவு செய்துள்ளார்.

இப்பகுதியைப் படித்தபோது எனக்கு வெட்கமும் சிரிப்பும் ஒருங்கே வந்தன. ஏனெனில் நானும் என் வகுப்புத் தோழர்கள் இருவரும் அதே தவற்றை அப்போதுதான் செய்து முடித்திருந்தோம். அழுத்தினால் மின்தடை குறையும் மெல்லிய உணரிகள் நான்கைத் தாத்தாவின் செருப்பு மெத்தையின் அடியில் பதித்தோம். ஆய்வக மேசையில் ஒரு கிலோ, இரண்டு கிலோ என எடை வைத்து அவற்றை அளவிட்டோம். முற்றத்தில் தாத்தாவை இருவகையாக நடக்கச் சொன்னோம்: மருத்துவர் சொன்ன குறுகிய மெல்லடி ஒன்று, பழைய தபால்கார நடை மற்றொன்று. இன்னது மெல்லடி, இன்னது தபால் நடை என்று பெயரிட்டு நூற்றுக்கணக்கான அடிகளைக் கணிப்பொறிக்குக் கொடுத்தோம். விதியை நாம் எழுதித் தராமல், எடுத்துக்காட்டுகளிலிருந்து கணிப்பொறி தானே வேறுபாட்டைப் பிரித்தறிவதைத்தான் இயந்திரக் கற்றல் என்கிறோம். எங்கள் நிரலும் புதிய அடிகளைப் பெரும்பாலும் சரியாகவே பிரித்தது. தபால் நடை தொடங்கினால் ஒரு சிறு ஒலிப்பான் கத்தும். எங்களுக்குப் பெருமை தாளவில்லை.

டிசம்பர் 11, பாரதியார் பிறந்த நாள். எட்டயபுரத்தில் அன்று மணிமண்டபத்துக்குப் போகாமல் தாத்தா இருந்ததில்லை. விழா நடுவில் காலிலிருந்து ஒலி எழும்பினால் ஊர் சிரிக்குமே என்று கருவியைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டு, பழைய செருப்பில், பழைய நடையில் போய் வந்தார். மாலையில் கால் கழுவ உதவிய ஆச்சியின் கைக்குத்தான் ஓரிடம் மட்டும் சூடாக இருப்பது தட்டுப்பட்டது. மறுநாள் அவ்விடம் சிவந்திருந்தது. ஒரு வாரம் காலை ஊன்றாமல் வைத்ததால் புண்ணாகாமல் தப்பியது. கருவி மாடத்திலேயே இருந்தது.

கருவியும் கையும்

பிராண்டு உணரிகளைத் தூக்கி எறிந்துவிடவில்லை என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். செயற்கை வலியாக அவை பயன்படவில்லை. ஆனால் அளவுகோலாகப் பயன்பட்டன. எந்த இடத்தில் சுமை விழுகிறது என்று காட்டி, நோயாளியையே தம் பாதத்தின் காவலராக்கலாம் என்று அவர் கண்டார். நாள்தோறும் பார்த்தல், தொட்டுச் சூடறிதல், அடியைக் குறுக்குதல், சிவந்தால் ஓய்வளித்தல் ஆகியவையே அவர் விட்டுச்சென்ற முறை. இன்றும் மருத்துவர்கள் இரு பாதங்களின் ஒத்த இடங்களுக்கிடையே 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்ப வேறுபாடு தொடர்ந்தால் எச்சரிக்கையாகக் கொள்கின்றனர்.

கார்வில்லில் இருபது ஆண்டுகள் பணியாற்றி 1986இல் ஓய்வு பெற்ற பிராண்டு, பின்னர் சியாட்டிலில் வாழ்ந்து, 2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் மறைந்தார். இன்று நம் கல்லூரியில் பயிலும் மாணவர் பலர் அப்போது பிறக்கவே இல்லை. 1960இல் லாஸ்கர் விருதும், பின்னர் பிரிட்டிஷ் அரசின் சிறப்பும் அவருக்குக் கிடைத்தன. ஆனால் கொல்லிமலையில் செருப்பின்றித் திரிந்த நாள்களைத்தான் அவர் தம் முதுமை வரை மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்தார்.

சென்னை ஐ.ஐ.டி.யிலும் உணர்விழந்த பாதங்களின் அழுத்தப் பரவலை ஆராய்ந்திருக்கிறார்கள். உலகெங்கும் காலணிக்குள் உணரிகளையும், இடுப்பிலும் கணுக்காலிலும் முடுக்கமானிகளையும் வைத்து, முதியோர் விழுவதற்கு முன் அறியவும், நரம்பு நோய்களை நடையிலிருந்து கண்டறியவும் முயல்கிறார்கள். அப்பணிகள் வளரட்டும். அவற்றுக்கு நம் ஊர்களின் நடையும் தேவை. வழவழப்பான ஆய்வகத் தளத்தில் பழகிய கணிப்பொறிக்கு, மழைக்குப் பின் செருப்பில் அப்பும் கரிசல் மண்ணைப் பற்றி என்ன தெரியும்?

எங்கள் கருவியிலிருந்து ஒலிப்பானை எடுத்துவிட்டோம். இப்போது அது நாள் முழுவதும் வாய் திறவாமல் பதிவு மட்டும் செய்கிறது. மாலையில் அன்றைய நடையைத் தாத்தாவே படமாகப் பார்க்கிறார். முன்பாதத்தில் சிவப்பு மிகுந்த நாளில் எந்தத் தெருவில் வேகமாக நடந்தேன் என்று தாமே சொல்லி, தாமே தலையசைத்துக்கொள்கிறார். அவருடைய அடி குறுகி வருவது பதிவிலும் தெரிகிறது. தெருவில் கேட்கும் ஓசையிலும் தெரிகிறது. அதன்பின் திண்ணையில் அமர்ந்து காலை நீட்டுவார். ஆச்சி ஒரு கையால் இடப் பாதத்தையும் மறு கையால் வலப் பாதத்தையும் தொட்டுப் பார்ப்பார். இரண்டும் ஒரே சூடாக இருந்தால்தான் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு.